குறைந்துகொண்டே வந்த எண்

“இன்னாடி இது, தடவைக்குத் தடவை குறைஞ்சிகினே வருது?”

இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் மூன்றையும் கட்டில்மேல் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள் மதலேனாள். ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். புரதம் எந்த வரி என்று கம்பவுண்டரிடம் கேட்டுப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

“பதினொண்ணு புள்ளி ரெண்டு. அப்புறம் ஒம்போது புள்ளி ஆறு. நேத்து வந்ததுல எட்டு புள்ளி ஒண்ணு. புரதம்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? எங்க ஊரு சுகாதார நிலையத்துல முட்டை, மீனு, பருப்புன்னு படம் போட்டு மாட்டியிருக்கான். இதையெல்லாம் என் தம்பி கண்ணுல காட்டறியா நீ?”

செலின் மேரி மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சாய்ந்திருந்த அமிர்தசாமி, “அக்கா, அது வந்து…” என்று ஆரம்பித்தார்.

“மாமா, ஆறிடுச்சி. குடிங்க.” டம்ளரை அவர் கையில் வைத்தாள் செலின்.

“பாத்தியா, வாயத் தொறக்க வுடமாட்டேங்கறா!”

கரும்புக் கட்டைத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டு விழுந்தவர் அமிர்தசாமி. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் மல்டிபிள் மைலோமா என்றார்கள். எலும்புக்குள் வருகிற புற்று. ஆறு வாரத்துக்கு ஒருமுறை நான்கு நாள் மாத்திரை. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் இரத்தப் பரிசோதனை.

இரண்டாவது சீட்டு வந்த சமயத்தில்தான் விஷயம் கேள்விப்பட்டு மதலேனாள் தம்பி வீட்டுப் படியேறினாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு. தன் மகளைத் தம்பி மகனுக்குக் கட்ட நினைத்திருந்தவள். வெளியூரிலிருந்து செலின் மருமகளாக வந்த அன்றே வருவதை நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கும் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். ஆனால் சீட்டில் எண் குறைந்திருந்ததே!

அதிலிருந்து வியாழன் தவறாமல் தவளக்குப்பத்திலிருந்து பஸ். கூடையில் தவிட்டில் புதைத்த முட்டை, ஆட்டுக்கால். இறங்கியதும் திட்டு. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பழங்கதை. கிளம்பும்போது மறுபடி திட்டு. ‘மருமகள் பட்டினி போடுகிறாள்’ என்ற பேச்சு மாதா கோயில் வாசல் வரைக்கும் போய்விட்டது.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்,” என்றாள் மதலேனாள். “டாக்டரு முன்னாடியே கேக்கறேன். கேட்டுட்டு, தம்பிய எங்க வூட்டுக்கு இட்டுகினு போயிடறேன். இவ கையால சாவ வேணாம்.”

மறுநாள் டாக்டர் மேசைமேல் மூன்று சீட்டையும் வரிசையாக அடுக்கினாள்.

“சார், சோறு போடாம புரதத்தை இப்படி எறக்கிட்டா. நீங்களே கேளுங்க.”

டாக்டர் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“குறையறதுக்குத்தானேம்மா மாத்திரையே குடுக்கறோம்?”

“இன்னா சார் சொல்றீங்க?”

“உங்களுக்கு நிலம் இருக்கா? நட்ட வயல்ல கோரை மண்டிட்டா தூரத்துலேருந்து எப்படித் தெரியும்?”

“பச்சையாத்தான் தெரியும்.”

“அதை விளைச்சல்னு சொல்லுவீங்களா?”

“எவ சொல்லுவா?”

“இவருக்கு ஏறியிருந்த புரதமும் அந்த மாதிரிதான். சாப்பாட்டால ஏறினது இல்ல. எலும்புக்குள்ள கெட்டுப்போன அணுக்கள் உண்டாக்கினது; உடம்புக்கு உதவாது. அது இறங்க இறங்க நல்லது. இதோ இந்த வரியைப் பாருங்க, இரத்தம். ஏழரையிலிருந்து பத்துக்கு ஏறியிருக்கு.”

“அப்ப நோவு போயிடுச்சா?”

“போயிடுச்சின்னு சொல்லமாட்டேன். அடங்கி வருது. ஒரு சீட்டை மட்டும் வெச்சி சொல்லல. மூணு சீட்டும் ஒரே பக்கம் போகுது. முதல்ல தூக்கிட்டு வந்தீங்க. இன்னிக்கு மாடிப்படி அவரே ஏறி வந்தார். தைரியமா இருங்க.”

மதலேனாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நான் குடுத்த ஆட்டுக்கால் சூப்பு சார்! இல்லன்னா ஏழு பத்தாவுமா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார்.

“இதையெல்லாம் போன தடவையே உங்க மருமககிட்ட விவரமா சொன்னேனே. வீட்ல சொல்லலையா?”

அமிர்தசாமி மாத்திரை வாங்க வரிசையில் நின்றார். வராந்தாவில் மதலேனாள் செலினின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் பெரியம்மா.”

“தம்பிக்கு?”

“அன்னிக்கே மாமாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிடறேன்னு எத்தினி தடவை வாயத் தொறந்தாரு. நான்தான் வுடல.”

“ஏண்டி? வாரா வாரம் அந்தப் பேச்சு பேசினேன். ஊரே உன்னைத் தப்பா பேசுச்சி. நல்லதுக்குத்தான் குறையுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா?”

செலின் வரிசையில் நின்ற மாமனாரைப் பார்த்தாள். அவர் அக்காவைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருந்தா அன்னிக்கே நிம்மதியா போயிருப்பீங்க பெரியம்மா. நான் வந்ததாலதானே நீங்க வர்றது நின்னுச்சி? என்னைத் திட்டறதுக்காவது வாரா வாரம் வந்தீங்களே!”