டாக்டர் ஒத்துக்கிட்ட தப்பு

"என் கண்ணைக் கெடுத்தது இந்த டாக்டர்தான். எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க."

அந்தத் தச்சர் போட்ட சத்தத்துல காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வச்சிருந்தவங்ககூடக் கண்ணைத் திறந்துட்டாங்க. ஒவ்வொருத்தரையா மறுபடி மூட வைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

நான் இந்தக் கண் ஆஸ்பத்திரியில நர்ஸ். தச்சரோட வலது கண்ணுக்குக் கிளாக்கோமா ஆபரேஷன் நடந்தப்ப, பக்கத்துல நின்னு கத்தரி எடுத்துக் கொடுத்தவ. கண்ணுக்குள்ள ஏறிப்போன அழுத்தம் இறங்கறதுக்காகச் சின்னதா ஒரு வடிகால் வச்சுத் தைச்சார் டாக்டர். பூ தொடுக்கிற மாதிரி அவ்வளவு பதவிசு. ஆபரேஷன் முடிஞ்சு முதல் தடவை காட்ட வந்தப்ப இதே தச்சர், டாக்டர் கைக்குத் தங்கக் காப்பு போடணும்னு சொன்னார். இப்பத் திட்டுறதும் அதே வாய்தான்.

கோளாறு அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. இறங்கின அழுத்தம் நிக்காம இறங்கிக்கிட்டே போய், கண்ணு காத்துப் போன பந்து மாதிரி ஆயிடுச்சு. பார்வை மங்கிப் போச்சு. பலகையில பென்சில் கோடு போட்டா அந்தக் கோடே தெரியலையாம். கோடு தெரியாத தச்சரை யார் வேலைக்குக் கூப்பிடுவாங்க? இடது கண்ணு வேற ஏற்கெனவே பாதி போனது. அவர் வயித்தெரிச்சல் எனக்குப் புரியாம இல்ல. அதுக்காக இப்படியா நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்குறது?

பக்கத்துல அவர் சம்சாரம் துணிப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மெதுவாப் பேசுங்கன்னு அவர் கையைத் தொட்டாங்க. அவர் தட்டிவிட்டார். பாவம், தங்கமான பொம்பளை. வருஷக்கணக்கா அவர் கண்ணுக்கு மருந்து விடறது அவங்கதான். இவர் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாராம், அவங்க தூக்கத்துலயே எழுந்து இமையைப் பிரிச்சு மருந்தை விட்டுட்டுப் படுப்பாங்களாம். ஒரு ராத்திரிகூடத் தவறினது இல்லைன்னு என்கிட்ட அடிக்கடி சொல்வாங்க.

டாக்டர் ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டார். கண்ணுல விளக்கடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார். ஒழுகல் இல்ல, சீழ் இல்ல, தையல் வச்சது வச்சபடி இருக்குன்னு அவருக்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டார். அப்புறம் வீட்ல போடற மருந்தையெல்லாம் காட்டச் சொன்னார். அந்தம்மா பையிலிருந்து எடுத்து மேசை மேல வச்சாங்க. டாக்டர் அதுல ஒரு பழைய சீசாவை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

அந்தம்மா சீசாவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு அவங்க முகம் சுண்டிப் போச்சு.

"டாக்டர், அது வந்து... ராத்திரியில நான்..."

"நீங்க பேசாதீங்கம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாரையும் எடுத்தெறிஞ்சு பேசற மனுஷர் இல்ல அவர். பாவப்பட்ட ஒரு பொம்பளைகிட்டயா கோபத்தைக் காட்டுறதுன்னு எனக்கே அவர் மேல கடுப்பாயிடுச்சு.

டாக்டர் தச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றது சரிதான். தப்பு என்னோடது. வடிகாலைக் கொஞ்சம் பெரிசா வச்சுட்டேன். மருந்தை மாத்தித் தரேன், கொஞ்ச நாள்ல கண்ணு தேறிடும்."

அந்தப் பழைய சீசா குப்பைக் கூடைக்குப் போச்சு. புதுசா ஒண்ணு எடுத்து, இது இடது கண்ணுக்கு மட்டும்னு அந்தம்மா கையில கொடுத்தார்.

தச்சருக்குத் தலைகால் புரியல. "பார்த்தியா, அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார்"னு சம்சாரத்துகிட்ட ஜெயிச்ச மாதிரி சொல்லிட்டு, வெளியில இருந்தவங்ககிட்டயும் அதையே சொல்லிக்கிட்டுப் போனார். அந்தம்மா வாசல் வரைக்கும் போயிட்டு ஒருதரம் திரும்பிப் பார்த்தாங்க. கண்ணு நிறையத் தண்ணி. அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்த ரெண்டு பேர், மெதுவா எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

எனக்குப் பொறுக்கல. வடிகாலை அளவாத்தான் வச்சீங்க, பக்கத்துல நின்னவ நான், எதுக்கு சார் இந்தப் பொய்னு கேட்டே விட்டேன். அந்தம்மாவை வாயைத் திறக்க விடாததையும் சேர்த்துக் கேட்டேன்.

டாக்டர் கையைக் கழுவிக்கிட்டே சொன்னார். அந்தப் பழைய மருந்தும் அழுத்தத்தை இறக்குற மருந்துதான். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அதை விடக் கூடாது, இடது கண்ணுக்கு மட்டும்தான்னு நாம சொல்லித்தான் அனுப்பினோம், அவங்களும் தலையை ஆட்டினாங்க. ஆனா இத்தனை வருஷமா ரெண்டு கண்ணுக்கும் விட்டுப் பழகின கை. தூக்கக் கலக்கத்துல அது பாட்டுக்கு ரெண்டு கண்ணுக்கும் போயிருக்கு. ஒரு கண்ணுக்கு மட்டும் விட்டிருந்தா சீசா இவ்வளவு காலியாகி இருக்காது. சீசாவைப் பார்த்ததும் அவங்களுக்கே அது விளங்கிடுச்சு.

"அதையே அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார். உங்க பேராவது மிஞ்சியிருக்கும்."

டாக்டர் கையைத் துடைச்சுக்கிட்டார்.

"என்னைத் திட்டினா, சாயங்காலம் நான் என் வீட்டுக்குப் போயிடுவேன் சிஸ்டர். அந்தம்மா போக வேண்டியது அவர் வீட்டுக்குத்தானே."