மூன்றாம் அடிக்குறிப்பு

தையல் மிஷின் நின்றிருக்கிறது. இளங்கலை மாணவர்கள் எழுதும் தத்துவ இதழை, ஜன்னல் வெயிலில் கண்ணருகே பிடித்திருக்கிறாள் அம்மா. நேற்றைய மனிதரும் இன்றைய மனிதரும் ஒருவரல்ல என்று அதில் பன்னிரண்டு பக்கம் வாதாடியிருக்கிறாள், அருகில் நிற்கும் மகள். அடியில் பொடி எழுத்தில் மூன்றாம் குறிப்பு: ‘அப்படியென்றால் நேற்று தைக்க வாங்கிய துணியை இன்று யார் தைத்துத் தருவது? என் அம்மா கேட்டது. என்னிடம் இன்னும் பதிலில்லை.’ “நெஜமாவே இல்லையாடி?” “புரொபசர்கிட்டயும் இல்லம்மா.” அம்மா கழுத்திலிருக்கும் இஞ்ச் டேப்பைச் சரிசெய்துகொள்கிறாள், மாலையைச் சரிசெய்வதுபோல. வாசலில் வாடிக்கைக்காரி வந்து நிற்கிறாள். “நேத்தே தரேன்னீங்களே, எங்கேக்கா என் சட்டை?” அம்மா இதழை அவள் பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் விரலை ஊன்றுகிறாள். “தரேன்னு சொன்னதும் நான்தான், தரப்போறதும் நான்தான். மொதல்ல இதப் படி.”