ஒரு துண்டு சிலிகான்

“மூக்குக்குள்ள சிலிகான் இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர். அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்.” கடலூர் ஆஸ்பத்திரியின் அந்தக் கதவை மறித்து நின்றாள் பூவம்மாள்.

கணவர் நடனசபாபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நம்ம சிந்துஜா மூக்குல சிலிகானா? என்னடி உளர்றே?”

“ரெண்டு வருஷமாச்சுங்க. சப்பை மூக்குன்னு கிண்டல் பண்றாங்கன்னு பாண்டிச்சேரி போயி ஆபரேஷன் பண்ணி, உள்ள சிலிகான் துண்டு வச்சு நுனியத் தூக்கிக்கிட்டா. நீங்க குதிப்பீங்கன்னு எங்கிட்ட மட்டும்தான் சொன்னா.”

மகளோடு பேச்சுவார்த்தையே இல்லாத மனுஷர். அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே மூக்கு மாறியது தெரியும்?

“இப்ப அதக் கெளறி என்ன ஆவப் போவுது?” அவர் குரல் உடைந்தது. “கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பலாம் வா. சிதம்பரத்துல சொந்தக்காரங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க.”

ஏட்டு கலியமூர்த்தி காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டர் செம்பியன் யோசித்தார். “சிலிகான் கரையாதும்மா. வச்சிருந்தா உள்ளயேதான் இருக்கும். ஆனா தொட்டுப் பாத்துச் சொல்ல முடியாது, வீக்கம் ஜாஸ்தி. கீறித்தான் பாக்கணும்.”

“கீறுங்க டாக்டர்!”

“ஐயோ, வேணாம்!” நடனசபாபதி கதறினார். “எம் பொண்ணு பட்டது போதாதா?”

பூவம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரின் காலில் விழப் போனாள். அவர் பதறி விலகி, கையுறையை மாட்டினார். கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். “இருக்கக் கூடாது. தில்லைக் காளி, அது உள்ள இருக்கவே கூடாது.” இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பத்து நிமிடத்தில் டாக்டர் வெளியே வந்தார்.

“நல்லாத் தேடிட்டேம்மா. சிலிகான் இல்ல, தழும்புகூட இல்ல. அந்த மூக்குல இதுவரைக்கும் யாரும் கத்தியே வச்சதில்ல.”

நடனசபாபதி ஒன்றும் புரியாமல் விழித்தார். பூவம்மாள் எழுந்து வந்து அவர் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு வாய் குழறியது.

“ஏங்க, உள்ள கெடக்குற பொணம் நம்ம பொண்ணு இல்லீங்க!”