நாலாவது நிப்பு

“இதை வெச்சு எழுதினியா, இல்ல பூட்டை நெம்பினியா?”

மேலாளர் அந்த மைப் பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டார். எதிரே நின்ற குமாஸ்தா தலையைக் குனிந்தான்.

“எழுதத்தான் சார் செஞ்சேன். திடீர்னு கீற ஆரம்பிச்சிடுச்சு.”

“கீறாம கொஞ்சுமா? நிப்போட வலது பாதி மேலே ஏறி நிக்குது. உங்களுக்கெல்லாம் பேனா எதுக்குய்யா? கரித்துண்டு போதும்.”

அந்த அலுவலகத்தில் பதினெட்டுப் பேர். அதில் ஒருவருக்கும் பேனா பிடிக்கத் தெரியாது என்பது மேலாளரின் தீர்மானம். கடைத்தெருவில் கண்ணில் பட்டதை வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொள்கிற கூட்டம் என்பார்.

அவரிடம் நாற்பத்து மூன்று பேனா இருந்தது. நாளுக்கு ஒன்றாக ஏழு பேனா மேசைமேல் வெல்வெட் பெட்டியில் படுத்திருக்கும். மீதி எல்லாம் வீட்டு அலமாரியில். அதைத் தூசி தட்டக்கூட மனைவிக்கு அனுமதி கிடையாது. செவ்வாய்க்கிழமைப் பேனாவில் புதன்கிழமை எழுதச் சொன்னால் மனிதருக்கு ஜுரமே வந்துவிடும்.

இத்தனை பேனா இருந்து என்ன, கோப்பில் கையெழுத்துப் போட மட்டும் அவருக்கு மனசே வராது. போட்டால் பொறுப்பு வந்து தலையில் உட்காருமே. வருகிற தாளையெல்லாம் இடது பக்கத் தட்டில் போட்டு, மேலே ஒரு கண்ணாடிக் குண்டை வைத்துவிடுவார்.

“சார், அந்த டிரான்ஸ்பர் ஆர்டர்...” குமாஸ்தா மெதுவாக ஆரம்பித்தான். “மூணு மாசமா தட்டுல இருக்கு. ஊர்ல ரெட்டைக் குழந்தை சார். அவ ஒத்தை ஆளா கிடந்து அல்லாடறா. நீங்க ஒரு கையெழுத்து போட்டா இந்த வாரமே போய்ச் சேந்துடுவேன்.”

“பாப்போம்.”

“பொறந்ததுல இருந்து ரெண்டே தடவைதான் சார் பிள்ளைங்களைப் பாத்திருக்கேன்.”

“அதான் பாப்போம்னு சொல்லிட்டேன்ல? முதல்ல நீ பண்ணியிருக்கற இந்தக் கொலையைப் பாப்போம்.”

திட்டினாரே தவிர, அவருக்குக் கை பரபரத்தது. கெட்டுப்போன நிப்பைக் கண்டால் சாப்பாடுகூட மறந்துவிடும். இழுப்பறையைத் திறந்து மெல்லிய பித்தளைத் தகடு, வழவழப்பான உரசு தாள், மை துடைக்கிற துணி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார்.

நிப்பின் பிளவில் தகட்டை இரண்டு தரம் ஓட்டினார். கட்டைவிரல் நகத்தால் வலது பாதியை அமுக்கி, திரும்பவும் கண்ணாடியில் பார்த்தார். பிறகு உரசு தாளில் நிதானமாக எட்டு எட்டாகப் போட்டார்.

“இந்த மாசத்துல இது நாலாவது, தெரியுமா? முதல்ல கேஷியர், அப்புறம் ஸ்டோர்காரர், போன வாரம் தபால் பிரிவு அம்மா. எல்லாருக்கும் இதே வலது பக்கம், இதே வளைவு. ஆபீஸ் முழுக்க உலக்கை பிடிக்கற கை.”

“நீங்க இருக்கறதால பொழைச்சோம் சார்.”

காக்காய் பிடிக்கிறான் என்று தெரிந்தும் மேலாளருக்கு அது இனித்தது. பேனாவை மூடி, குலுக்கி, மறுபடி திறந்தார்.

“ஒரு கோடு இழுத்துப் பாருங்க சார்,” என்றான் குமாஸ்தா.

“கோட்டுல என்னய்யா தெரியும்? கையெழுத்து போட்டுப் பாக்கணும். யோசிக்காம கை ஓடற ஒரே இடம் அதுதான். நிப்போட லட்சணம் அங்கதான் வெளியே வரும். இதுகூடத் தெரியாம பேனா வாங்க வந்துடறீங்க.”

மேசையில் கிடந்த அலுவலகத் தாளை விரல் நுனியால் தள்ளிவிட்டார். மை பட்டால் ஊறிப் பரவுகிற மட்டமான தாள் அது. குமாஸ்தா தன் கையிலிருந்த கோப்பிலிருந்து கெட்டியான தாள் ஒன்றை உருவி, வெறும் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தான்.

மேலாளர் போட்டார். முன்னால் ஒரு சுழி, நடுவில் இரண்டு வளைவு, கடைசியில் நீண்ட வால் என்று கருநீலத்தில் அட்டகாசமாக விழுந்தது கையெழுத்து. கை பழக்கத்தில் கீழே தேதியும் போட்டார்.

“வெண்ணெயா வழுக்குது. போ, எல்லாருக்கும் காட்டு. எழுத்துன்னா இதுதான்னு தெரிஞ்சுக்கட்டும்.”

“காயட்டும் சார்,” என்று குமாஸ்தா தாளைப் பச்சைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியேறினான்.

அரை மணி கழித்துத்தான், பேனாவை அவன் எடுத்துப் போகவில்லை என்பதை மேலாளர் கவனித்தார். சரிபண்ணச் சொல்லிக் கெஞ்சிவிட்டுச் சாமானையே மறந்து போகிறான் என்றால் என்ன ஜென்மம் இது? நாலு பேர் முன்னால் வைத்து நன்றாகக் கேட்டுவிடுவது என்று பேனாவோடு எழுந்து நடந்தார்.

தட்டச்சு அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே குமாஸ்தாவின் குரல் கேட்டது.

“தபால் போயிடுச்சாக்கா?”

“இப்பதான் பையைக் கட்டி வண்டியில ஏத்தினாங்க,” என்றாள் டைப்பிஸ்ட். “முன்பக்கம் முழுக்க உன் ஆர்டரைப் புதுசா அடிச்சு, கையெழுத்தை மட்டும் பின்பக்கத்துக்குத் தள்ளியிருந்தேன். தேதியோட அழகா போட்டிருக்கார். நீ போய்ப் பொட்டியைக் கட்டு.”

மேலாளரின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது. உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்து வந்தது, மூன்று வாரமாக லீவு கேட்டு நடையாய் நடக்கிற டிரைவரின் குரல்.

“அக்கா, எனக்கும் ஒரு நிப்பை வளைச்சுக் குடுங்க.”