மறுபக்கத்தில் கடல்

சமையலறை மேசை முழுக்க யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. ஜன்னலில் மழை சாய்ந்து அடிக்கிறது. விடுமுறையின் ஆறு நாள் நடைக்கும் டெரிக் பென்சிலை அழுத்தி ஆறு கோடுகள் இழுக்கிறான். "கடற்கரைக்கு ஒரு நாளாவது வை," என்கிறாள் மனைவி மேவிஸ். "கடல் எங்கயும் ஓடிடாது." "அங்க என் தங்கச்சி படுத்த படுக்கையா கிடக்குறா. டாக்டர் இந்த மாசம் தாண்டாதுன்னுட்டார்." அவன் தலை நிமிரவில்லை. "அவ பத்து வருஷமா செத்துக்கிட்டுதான் இருக்கா." மேவிஸ் வரைபடத்தைத் திருப்பிப் போடுகிறாள். மறுபக்கத்தில் நீலமாகக் கடல். அவன் இழுத்த கோடுகள் அதிலும் புடைத்து நிற்கின்றன. விரலால் தேய்க்கிறாள், அமுங்கவில்லை. எழுந்து, ஆணியில் தொங்கும் கார் சாவியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள். "சாவியை வை," என்கிறான் டெரிக். "நீதான் ஆறு நாளும் நடக்கப் போறியே. நடக்கிறவனுக்குக் கார் எதுக்கு?"