வாடாத பலூன்

ஆயுத பூஜை முடிந்து பத்து நாளாகியும் பின்னல் மெஷினில் ஒரு பலூன் மட்டும் வாடாமல் ஆடியது. "அடுத்த வாரம் துணி வாங்குற பையர் வர்றாரு, இதென்ன பர்த்டே பார்ட்டியா?" முதலாளி தரணீதரன் குண்டூசியால் குத்தினார்.

அந்த மெஷின்தான் அவர் பெருமை. துணியில் எண்ணெய்க் கறை படாதிருக்க, கியர்பாக்ஸில் தண்ணீர் கலந்த ஆயில். ஆவியாகிவிடும் என்றார்கள், பூஜையன்று ஊற்றியது ஒரு சொட்டும் குறையவில்லை.

பையர் வந்த அன்று, அதே மெஷின் வறண்டு அலறியது.

ஃபிட்டர் வேல்குமார் ஓடிவந்தார். "ஏனுங்க, கியர்பாக்ஸ் மூச்சு விடுற ஓட்டைல நான் மாட்டுன பலூன் எங்கீங்க? சூட்டுல கெளம்புற ஆவியப் புடிச்சு, ஆறுனதும் உள்ளயே விடுமுங்க."

"அது பூஜைக்குக் கட்டினதில்லையா?"

"அதெல்லாம் மறுநாளே அவுத்தாச்சுங்க. சொன்னாச் சிரிப்பீங்கன்னுதான் இதைச் சொல்லலீங்க."

தரணீதரன் சிரிக்கவில்லை. பலூன் வாங்கப் பல்லடத்துக்குக் காரை எடுத்தார்.