பாராட்டாத மருமகள்

சமோவாவிலிருந்து வந்த மருமகள் பதினோரு நாளாக வீட்டில் ஒரு பொருளைக்கூடப் பாராட்டவில்லை. மாமியார் செபஸ்தியம்மாளுக்கு அதுதான் ஆற்றாமை.

பசிபிக் கடலுக்கு நடுவே இருக்கிற அந்தத் தீவுக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போன மகன் ஆல்வின், அங்கேயே லூபே என்கிற நர்ஸைக் கட்டிக்கொண்டான். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது, "ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போற பிள்ள" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தவள் செபஸ்தியம்மாள்தான். இப்போதுதான் இருவரும் முதல்முறையாகத் திண்டுக்கல் வந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வெள்ளையடித்துப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். பீரோவிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். லூபே தடவிப் பார்ப்பாள், சிரிப்பாள், அதோடு சரி. பழைய பித்தளை மாங்காய்ப் பூட்டை அரைமணி நேரம் திறந்து திறந்து மூடிவிட்டு, பேசாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு நாள் சாப்பாட்டை மட்டும் நன்றாயிருக்கிறது என்று சொல்லி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்குக் கடை பிரியாணி. செபஸ்தியம்மாளுக்கு அதில் வேறு எரிச்சல்.

தீவுக்காரிக்கு நம் வீடெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்று பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் தன் பங்குக்கு ஏற்றிவிட்டுப் போனாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள். கடைசி முயற்சியாகத் தன் இரட்டைவடச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு மருமகள் எதிரில் வந்து நின்றாள் செபஸ்தியம்மாள். லூபே கண் விரியப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்து பெட்டியை அடுக்கத் தொடங்கினாள்.

அவ்வளவுதான், பொறுமை போய்விட்டது.

"ஏலே ஆல்வினு, நம்ம வீட்ல ஒண்ணுகூடவா ஒம் பொண்டாட்டிக்குப் பிடிக்கல? பிடிக்காத வீட்டுக்கு அவ இனி எதுக்கு வரப்போறா? அவ வராட்டி நீ வருவியா?"

கண் கலங்கிவிட்டது.

என்னவென்று லூபே கேட்க, ஆல்வின் சொன்னான். அவள் பதறிப்போய் ஏதேதோ விளக்கினாள்.

"அம்மா, இவுக ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போயி ஒரு பொருள நல்லாருக்குன்னு சொல்லிட்டா, வீட்டுக்காரவுக அத எடுத்துக் கையில குடுத்துருவாக. குடுக்காட்டி மரியாதையில்ல. நீயும் குடுத்துருவியோன்னு பயந்துதான் இம்புட்டு நாளும் வாயத் தொறக்கல."

செபஸ்தியம்மாளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. இப்பவே கழட்டித் தாரேன்."

கொக்கியைத் தேடிய அந்தக் கையை லூபே இறுகப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டி மெதுவாக ஏதோ சொன்னாள். ஆல்வின் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்னடா சொல்றா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி மொதமொத ஒங்கிட்ட போன்ல பேசினப்ப, ஒங்க மகன் ரொம்ப நல்லவருன்னு ஒரே ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிட்டாளாம். என்னையவே தூக்கிக் குடுத்துட்டியாம். அதுக்கு மேல ஒங்கிட்ட எத வாங்கன்னு கேக்குறாம்மா."